வட்டுக் கருவிகளை லினக்ஸிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: வட்டின் முதல் 100 பைட்டுகளைப் படிக்கும் என் நிரல் லினக்ஸில் ஓடுகிறது, ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளத்தில் 'இன்வாலிட் ஆர்கியுமென்ட்' என்று நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: லினக்ஸில் வட்டு ஒரு பிளாக் சாதனம், அதாவது கெர்னல் (இயக்குதளத்தின் மையம்) கேஷ் எனும் நினைவக இடைச்சேமிப்பு வழியாக அணுகும் சாதனம். நீங்கள் 100 பைட்டு கேட்டாலும் கெர்னல் முழுப் பக்கத்தையும் கேஷில் ஏற்றிக்கொண்டு, கேட்டதை மட்டும் எடுத்துத் தருகிறது. ஃப்ரீபிஎஸ்டி 4.0 காலத்திலேயே பிளாக் சாதனங்களைக் கைவிட்டுவிட்டது. அங்கே எல்லா வட்டுகளும் கேரக்டர் சாதனங்களாக (இடையில் கேஷ் இல்லாதவையாக) இருப்பதால், படிக்கத் தொடங்கும் இடமும் நீளமும் செக்டர் (வட்டு ஒரே தடவையில் படிக்கும், எழுதும் மிகச்சிறிய துண்டு) அளவின் மடங்காக இருந்தே ஆகவேண்டும். முழுச் செக்டரைப் பஃபரில் (நிரலின் நினைவகப் பகுதியில்) படித்து, தேவையான பகுதியை அதிலிருந்து எடுங்கள். எழுதும்போதும் முழுச் செக்டரைப் படித்து, திருத்தி, முழுதாகவே திருப்பி எழுதுங்கள். சோதனையை நிஜ வட்டில் செய்யாதீர்கள். லினக்ஸில் லோசெட்அப், ஃப்ரீபிஎஸ்டியில் எம்டிகான்ஃபிக் கொண்டு ஒரு கோப்பையே வட்டாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எஃப்ஸ்டாட் அழைப்பு வட்டின் அளவைப் பூஜ்யம் என்கிறதே?

பதில்: அது கோப்புகளுக்கான அழைப்பு. லினக்ஸில் பிஎல்கேகெட்சைஸ்64, ஃப்ரீபிஎஸ்டியில் டிஐஓசிஜிமீடியாசைஸ் ஆகிய ஐஓசிடிஎல்கள் (சாதனத்திடம் நேரடியாகக் கேட்கும் அழைப்புகள்) அளவைப் பைட்டுகளில் தரும். மேக்ஓஎஸ்ஸில் பிளாக் எண்ணிக்கையையும் பிளாக் அளவையும் தனித்தனியே கேட்டுப் பெருக்கவேண்டும். செக்டர் அளவு 4096 ஆக உள்ள வட்டிலும் லினக்ஸின் சிஸ்எஃப்எஸ் (சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) 512 பைட்டு அலகிலேயே அளவைச் சொல்லும். அந்த 512-ஐச் செக்டர் அளவென்று எண்ணி, வட்டின் பகுதிகளைப் பட்டியலிடும் ஜிபிடி அட்டவணையின் தலைப்பை 4096-ஆம் பைட்டில் தேடாமல் 512-இல் தேடி ஏமாந்த நிரல்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மேக்ஓஎஸ்ஸிலும் அளவு பூஜ்யமாக வருகிறது.

பதில்: முந்தைய பதிலில் இருக்கிறது.

கேள்வி: கேஷ் வசதியான ஒன்று. அதை நீக்கியது ஃப்ரீபிஎஸ்டியின் பிடிவாதம் அல்லவா?

பதில்: இதை நான் ஏற்கவில்லை. கேஷ் இருந்தால் எழுதிய தரவுகள் எந்த வரிசையில், எப்போது வட்டை அடைந்தன என்று நிரலால் அறிய முடியாது. மின்தடைக்குப் பின் வட்டை மீட்க வேண்டிய கருவிக்கு அந்த அறிவே அடிப்படை. லினக்ஸில் ரைட் அழைப்பு வெற்றி என்றால், தரவு கேஷை அடைந்தது என்று மட்டுமே பொருள். பிழை பின்னர், கேஷில் உள்ளதை வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பில்தான் வெளிப்படும். ஒருமுறை தோற்ற எஃப்சிங்க்கை மீண்டும் அழைத்தால், தரவு எழுதப்படாமலேயே அது வெற்றி என்று திரும்பக்கூடும் என்பதை 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் விரிவாக விவாதித்து, பிறகு தங்கள் நிரலையே மாற்றினார்கள். எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் முயலாதீர்கள். எழுதியது முழுவதையும் தோல்வியாகக் கருதுங்கள்.

கேள்வி (அவரே): லினக்ஸிலும் ஓடைரக்ட் இருக்கிறதே?

பதில்: உண்மை, அது கேஷைத் தாண்டிச் செல்லும், பஃபரின் நினைவக முகவரியும் சீரமைந்திருக்க (குறிப்பிட்ட அளவின் மடங்காக இருக்க) வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கூடும். ஆகவே சீரமைந்த வாசிப்பையே பொதுத்தளமாக வைத்து எழுதினால், ஒரே நிரல் இரு இடத்திலும் பொருந்தும். ஆனால் வட்டுக்குள்ளேயே ஒரு கேஷ் உண்டு. லினக்ஸில் எஃப்சிங்க், ஃப்ரீபிஎஸ்டியில் டிஐஓசிஜிஃப்ளஷ் இல்லாமல் அது காலியானதென்று நம்பக்கூடாது.

கேள்வி: வட்டை நகலெடுக்கும் டிடி கட்டளையில் 1எம் (ஒரு மெகாபைட்டு) என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுவதா, சிறிய எழுத்திலா?

பதில்: 1048576 என்று எண்ணாகவே எழுதுங்கள், எங்கும் செல்லும்.

கேள்வி: மவுண்ட் செய்த (கோப்பமைப்பாக இணைத்துப் பயன்பாட்டில் உள்ள) வட்டில் எழுத ஃப்ரீபிஎஸ்டி மறுக்கிறது. இந்தக் காப்பை நீக்க ஜியோம் டீபக்ஃபிளாக்ஸ் என்ற கெர்னல் அமைப்பை 16 ஆக்கலாமா?

பதில்: வேண்டாம். கோப்பமைப்பு நினைவகத்தில் வைத்திருப்பதும் நீங்கள் எழுதுவதும் முரண்பட்டு, தரவு அழியும். அன்மவுண்ட் செய்துவிட்டு எழுதுங்கள். சோதனைக்காகவே கேட்கிறீர்கள் என்றால், மீண்டும் சொல்கிறேன், நிஜ வட்டைத் தொடாதீர்கள், எம்டிகான்ஃபிக் போதும்.