செட்டிநாட்டு வளவில் நாடகம் போட எந்த உலக மரபு பொருந்தும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில் நாடகம் போட இடம் கிடைத்திருக்கிறது. முற்றம் 20 அடிக்கு 30 அடி. கிரேக்க நாடகம் எடுக்கலாமா?

பதில்:

கிரேக்கம் வேண்டாம். சோபோக்ளிஸ் நாடகத்துக்கு 15 பேர் கோரஸ், அதாவது பாடி ஆடும் குழு, வேண்டும். எபிடாரஸ் அரங்கில் கோரஸ் ஆடிய வட்டமே சுமார் 20 மீட்டர் குறுக்களவு. உங்கள் முற்றத்தில் அவர்கள் வரிசையாக நின்றாலே இடம் தீர்ந்துவிடும்.

வளவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு மரபு உண்டு: 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் 'கொர்ரால்'. கட்டடங்களுக்கு நடுவிலுள்ள முற்றத்தின் ஒரு கோடியில் மேடை. மற்றப் பக்கங்களிலும் மாடியிலும் பார்வையாளர்கள். மத்ரித் நகரில் லா க்ரூஸ் 1579இலும் ப்ரின்சிப்பே 1583இலும் தொடங்கின. அல்மாக்ரோ ஊரில் 1628இல் கட்டியது இன்றும் நிற்கிறது, நாடகமும் நடக்கிறது. அதன் மரத்தூண் வரிசையைப் பார்த்தால் கானாடுகாத்தான் ஞாபகம் வரும்.

மேடையை இரண்டாங்கட்டு (முற்றத்துக்கு அடுத்த உள்பகுதி) வாசலை ஒட்டிப் போடுங்கள். கொர்ராலிலும் மேடைக்குப் பின்னால்தான் ஒப்பனை அறை, நடுவே திரை. அந்தத் திரையை விலக்கினால் உள்ளே நடக்கும் காட்சி தெரியும். உங்களுக்கு இரண்டாங்கட்டே ஒப்பனை அறை, நிலைவாசலே அந்தத் திறப்பு. 16 அடி அகலம், 10 அடி ஆழம், இரண்டரை அடி உயரம் போதும். உயரத்தைக் கூட்டினால் முற்றத்தில் ஜமக்காளத்தில் உட்காருபவர்கள் கழுத்தைத் தூக்கியே பார்க்க வேண்டியிருக்கும். குறைத்தால் தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்கு முன்வரிசைத் தலைதான் தெரியும். இரும்புக் காலை நேராகத் தரையில் ஊன்றினால் ஆத்தங்குடிக் கல் கீறிவிடும். அடியில் சாக்கு, அதன்மேல் பலகை. ஒரு ஆணிகூட வீட்டு மரத்தில் இறங்கக் கூடாது.

வெயிலுக்கு ஸ்பெயின்காரர்கள் முற்றத்தின் குறுக்கே துணி கட்டினார்கள். நீங்களும் வெள்ளைக் காடாத் துணியே கட்டுங்கள். நீலத் தார்ப்பாய் கட்டினால் நடிகர் முகமெல்லாம் நீலம் பூத்துத் தெரியும், புழுக்கமும் தாங்காது. கயிற்றை ஓட்டுச் சரிவிலோ உத்தரத்திலோ கட்டாமல், தனியாகச் சவுக்குக் கம்பு நிறுத்திக் கட்டுங்கள். காற்று ஒருமுறை தூக்கினால் முதலில் போவது ஓடுதான்.

அங்கே குளிர்காலத்தில் பகல் 2 மணிக்கும் கோடையில் 4 மணிக்கும் தொடங்கி, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுவார்கள். இரவுக் காட்சியென்றால் நடிகர் விளக்கோடு வருவார், வசனமும் இருட்டைச் சொல்லும். மின்விளக்குச் செலவே இல்லாத இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒலிதான் உண்மையான சிக்கல். தாழ்வாரத்துக் கல்தரையும் பளபளப்பான சுண்ணாம்புச் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். மேடையில் நின்று கை தட்டுங்கள், தாழ்வாரத்தின் கடைசியில் ஒருவர் நின்று கேட்கட்டும். இரட்டையாகக் கேட்டால் பின்சுவரில் கனத்த துணி தொங்கவிட்டு, ஒத்திகையில் வசன வேகத்தைக் குறையுங்கள். ஆள் நிரம்பியதும் எதிரொலி தானே குறையும். மைக் வைத்தால் கூடும்.

நாடகத்துக்கு ஸ்பெயின் நாடகாசிரியர் லோபே தெ வேகா (1562–1635). 1609இல் அவர் எழுதிய நாடக இலக்கணம் மூன்று அங்கம் போதும் என்கிறது. முடிச்சைக் கடைசிக் காட்சிவரை அவிழ்க்காதே, முடிவு தெரிந்தால் கூட்டம் வாசலைப் பார்க்கத் திரும்பிவிடும் என்றும் சொல்கிறது. அவருடைய 'ஃபுவென்தே ஓவெஹுனா' 1476இல் உண்மையில் நடந்த கலகத்தை வைத்து எழுதியது. கொடுமைக்கார அதிகாரியை ஊரே சேர்ந்து கொல்கிறது. யார் கொன்றது என்று சித்திரவதை செய்து கேட்டாலும் எல்லாரும் நாடகத் தலைப்பாக நிற்கும் ஊர்ப்பெயரையே சொல்கிறார்கள். ஸ்பெயினில் 1587 முதலே பெண்கள் உரிமத்தோடு நடித்தார்கள். இங்கிலாந்தில் அப்போது பையன்கள்தான் பெண் வேடம் கட்டினார்கள். அதனால்தான் இந்த நாடகத்தின் நாயகி லவுரென்சியா போன்ற பாத்திரம் லோபேக்குக் கைவந்தது. மூன்றாம் அங்கத்தில் அவள் சபை கூடிய ஊர் ஆண்களை ஏசும் இடத்தில் மேடைக் கதவு வழியாக வரவேண்டாம். முகப்பிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரட்டும். தாழ்வாரத்தில் இருப்பவர்களும் அந்தச் சபையில் உட்கார்ந்த ஆண்களாகிவிடுவார்கள்.

அங்கங்களுக்கு நடுவே ஸ்பெயினில் சிறு நகைச்சுவை ஆடினார்கள். அதை மொழிபெயர்க்காதீர்கள். புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத் திருவிழா மேடைகளில் ஸ்பெஷல் நாடகம் ஆடும் பபூன் (கோமாளி) ஒருவரையும் ஆர்மோனியக்காரர் ஒருவரையும் அழைத்து முதல் இடைவேளையில் கால் மணி நேரம் கொடுங்கள். மைக் இல்லாமல் குரல் எடுக்க உங்கள் நடிகர்களுக்கு அவர்களே கற்றுத்தரவும் முடியும். அதற்காகவே ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்கூட்டி வரச்சொல்லி, அந்த நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.