பொதிகையின் செருப்பு ஆர்க்கிட்: கேட்டதும் சொன்னதும்

அகத்தியமலையின் மஞ்சள் செருப்பு ஆர்க்கிட் (பாபியோபெடிலம் ட்ரூரியை) பற்றி நம் உறுப்பினர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணாச்சி, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறோம். அந்தப் பூ கண்ணில் படுமா?

படாது. கோயில் கீழே காரையாறு பகுதியில், தாமிரபரணிக் கரையில். செடியோ 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டி, பாறையும் புல்லுமான சரிவில். பூப்பதும் தை, மாசி வாக்கில்தான். போகிறதுதான் போகிறீர்கள், பழைய துணியை ஆற்றில் விடாமல் வாருங்கள்.

செருப்பு என்று ஏன் பெயர்?

கீழிதழ் குழிந்து, முன்பக்கம் மூடிய சின்னச் செருப்பு மாதிரி இருக்கும். ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு தண்டுக்கு ஒரு பூ. மேலிதழிலும் இருபக்க இதழ்களிலும் நடுவே அரக்கு நிறத்தில் ஒரு கோடு, சாந்தைத் தொட்டு இழுத்த மாதிரி.

அந்தச் செருப்புக்குள் விழும் பூச்சி, வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கச் சந்து வழியாக நெருக்கியடித்துத்தான் வெளியே வரும். அப்போது முதுகில் மகரந்தம் அப்பிக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டும் அதற்குத் தேன் கிடையாது! ஏமாந்த பூச்சி இன்னொரு பூவிலும் போய் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பூ இருக்க வேண்டுமே.

உண்மையிலேயே அழிகிறதா, சும்மா பயமுறுத்துகிறார்களா?

உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என்.-இன் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்'. அடுத்த படி 'காட்டில் இல்லை' என்பதுதான். உலகத்திலேயே இந்த அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளர்வது. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டார், 1874-ல் தாவரவியலாளர் பெடோம் பெயர் வைத்தார். பேர் பரவியதும் வினை வந்தது. சேகரிப்பவர்கள் கிழங்கோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். புல்வெளித் தீயும் சேர்ந்துகொண்டது. விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே உணவு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். பிடுங்கிய இடம் தானாக நிரம்பிவிடாது.

வாங்கி வீட்டில் வளர்த்தால் காப்பாற்றின மாதிரிதானே?

இல்லை. காட்டுச் செடியைப் பிடுங்குவதும் விற்பதும் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். சர்வதேச வணிகத்துக்கு, அருகிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலின் தடை வேறு. பெருக்குகிற வேலை ஆய்வகத்துக்குரியது. கேரளத்தில் பாலோடு தாவரத் தோட்டத்தார் திசு வளர்ப்பில் நாற்று எடுத்து மலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில், மொட்டைமாடித் தொட்டியில் மலைமுகட்டுச் செடியா? பாவம்.

அப்போ செங்காந்தளும் இதே நிலைதானா?

அது வேறு கதை. மாநில மலர் என்பதால் அபூர்வம் என்று நினைக்கிறோம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். வேலியோரத்தில் பார்த்தால் ரசியுங்கள். கிழங்கு விஷம், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

செருப்பு ஆர்க்கிட் இருக்கும் சரியான இடத்தை மட்டும் சொல்லுங்களேன், அண்ணாச்சி.

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரியாமல் கண்ணில் பட்டுவிட்டால், போனில் இடக்குறியை (லொகேஷன்) அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். எனக்கு அனுப்புவதாக இருந்தாலும் அப்படியே.