மகள் அமெரிக்க இலக்கியம் படிக்க விரும்பினால்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பி.ஏ. ஆங்கிலம் முடிக்கப்போகும் உங்கள் மகள், எம்.ஏ.வில் அமெரிக்க இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து ஆராய்ச்சி வரை போக விரும்புகிறார். வங்கித் தேர்வுக்குப் படித்தால் நல்லது என்பது உங்கள் எண்ணம். "வெள்ளைக்காரர்கள் எழுதிய கதைகளைப் படித்து இவளுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்த இலக்கியம் யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கான வழியும் அதிலிருந்துதான் புலப்படும்.

ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்திவரப்பட்டு, பாஸ்டன் நகரில் அடிமையாக விற்கப்பட்டவர் ஃபிலிஸ் வீட்லி. அவருடைய கவிதைத் தொகுப்பு 1773இல் வெளிவந்தது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ததோ 1776இல்தான். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்று ஓர் இடம் இருக்கிறது. 1910 முதல் 1940 வரை அமெரிக்காவில் குடியேற வந்து அங்கே தடுத்துவைக்கப்பட்ட சீனர்கள், தங்கள் துயரத்தைச் சீன மொழியிலேயே கவிதைகளாக மரச்சுவர்களில் செதுக்கினார்கள். இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தில் 1970இல் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்ததால்தான் அவை பிழைத்தன. இன்று அவையும் அமெரிக்க இலக்கியம்தான். கியோவா என்ற பூர்வகுடி இனத்தவரான ஸ்காட் மொமடே தன் நாவலுக்காக 1969இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஐசக் பாஷெவிஸ் சிங்கர் நியூயார்க்கில் வாழ்ந்துகொண்டே கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதி 1978இல் நோபல் பரிசு பெற்றார். வெள்ளை இன எழுத்தாளர்களான எமிலி டிக்கின்சனும் வில்லியம் ஃபாக்னரும் இந்தப் பெரிய கூட்டத்தில் இருவர், அவ்வளவே.

இவ்வளவு மரபுகளும் தாமாகவே பாடத்திட்டத்துக்குள் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள். உங்கள் மகளின் வேலைவாய்ப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதைத்தான். சோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் மானுடவியல் படித்தவர். ஃபுளோரிடாவில் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தவர். 1937இல் அவர் எழுதிய நாவல் இன்று உலகெங்கும் பாடமாக இருக்கிறது. ஆனால் 1960இல் அவர் வறுமையில் இறந்தபோது கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை, நூல்கள் அச்சிலும் இல்லை. எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973இல் தேடிப்போய் அந்த இடத்தில் கல் நட்டார். பிறகு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1978இல் நாவலை மறுபதிப்புச் செய்தது.

இன்னும் சிலரைப் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அர்துரோ ஷாம்பர்க் நியூயார்க்கில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். அந்த வேலையில் இருந்தபடியே கறுப்பின மக்களின் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் சேகரித்தார். 1926இல் அந்தத் தொகுப்பை நியூயார்க் பொது நூலகம் பெற்றுக்கொண்டது. அந்நகரின் ஹார்லெம் பகுதியில் அவர் பெயரிலேயே இன்று ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. 1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன் பல ஆண்டுகள் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராகச் சம்பளத்துக்கு வேலை செய்தவர். தன் முதல் நாவலை அந்த வேலைக்கு நடுவேதான் வெளியிட்டார், கறுப்பின எழுத்தாளர்கள் பலரின் நூல்களை அங்கிருந்து கொண்டும் வந்தார். சிங்கரின் புகழ்பெற்ற கதையொன்றை 1953இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த சால் பெல்லோவும் பின்னாளில் நோபல் பெற்றார். நம் குறுந்தொகைப் பாடல்களை 1967இல் ஆங்கில வாசகர்களிடம் சேர்த்த ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆவணக் காப்பாளர், நூலகர், ஆசிரியர் என்று இவர்கள் செய்தவை எல்லாம் நம் ஊரிலும் இருக்கும் வேலைகள். பதிப்பகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தமிழும் ஆங்கிலமும் ஒருசேரக் கைவந்தவர்கள் குறைவு. உங்கள் மகள் தமிழில் நன்றாக எழுதுவார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் ஒரு சிறுகதையை மொழிபெயர்த்துப் பழகட்டும்.

இனி அவருக்குச் சொல்ல வேண்டியது. எம்.ஏ. முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு மரபைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் டோனி மாரிசன் பெயரைத் தேடிப் பாருங்கள். "அடையாளச் சிக்கல்" என்ற ஒரே தலைப்பைச் சுற்றி எத்தனை ஆய்வேடுகள் குவிந்திருக்கின்றன என்பது தெரியும். அந்த வரிசையில் இன்னொன்று சேர்வதால் நேர்காணலில் எந்தப் பயனும் இல்லை.

தேர்ந்தெடுத்த மரபின் வரலாற்றையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சீனர்களின் வருகையைத் தடுக்க 1882இல் இயற்றப்பட்ட சட்டம் தெரியாமல் ஏஞ்சல் தீவுக் கவிதைகள் புரியாது. ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்க வழிவகுத்த 1942ஆம் ஆண்டு ஆணை தெரியாமல் ஜான் ஒகாடாவின் நாவல் புரியாது. பூர்வகுடிகள் என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. அமெரிக்க அரசு அங்கீகரித்த பூர்வகுடி இனங்களே 570க்கு மேல் இருக்கின்றன. லகூனா புவெப்லோவைச் சேர்ந்த லெஸ்லி மார்மன் சில்கோவின் உலகமும் ஒஜிப்வே மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிக்கின் உலகமும் வேறுவேறு.

கறுப்பின இலக்கியத்தைத் தலித் இலக்கியத்தோடு ஒப்பிட ஆசை வரும். அதற்கு வரலாற்று அடிப்படையும் இருக்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்தே பெயர் சூட்டிக்கொண்டது. ஆனால் இருவரும் துன்பப்பட்டார்கள் என்று எழுதி முடித்துவிடும் ஒப்பீடு வேண்டாம். அடிமை முறையும் சாதியும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை நிறுவ முடிந்தால் மட்டும் அதில் இறங்கட்டும்.

உங்கள் முக்கியமான கவலை பணம். எம்.ஏ.வில் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். அதில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் பாடத்திட்டம் அமெரிக்க இலக்கியத்தோடு நிற்பதில்லை. கவிதை, நாடகம், மொழியியல், திறனாய்வு எல்லாம் வரும் என்பதால் சிறப்புப் பாடத்தை மட்டும் படித்தால் தேற முடியாது. பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வையும் எழுதலாம். இந்தப் பாதுகாப்பை உங்கள் மகள் அலட்சியம் செய்யக் கூடாது, இதில் நான் உங்கள் பக்கம்.

அமெரிக்காவுக்கே போய்ப் படிப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆங்கிலத்தில் எம்.ஏ. படிக்கப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான் போட வேண்டும். பி.எச்டி.க்குப் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் பணிக்கு ஊதியமும் தருகின்றன. இந்தியாவில் பி.எச்டி. பதிவு செய்தவர்கள் சில மாதங்கள் அங்கே போய் ஆராய ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது. ஆகவே எம்.ஏ.வுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். எம்.ஏ. இங்கேயே படிக்கட்டும்.

எந்தக் கல்லூரி என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். இந்த விடுமுறையில் இரண்டு மரபுகளிலிருந்து சில நூல்களை அவர் படித்துப் பார்க்கட்டும். எதில் மனம் நிற்கிறதோ அதைச் சொல்லி எழுதுங்கள். அதில் ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அங்கே விண்ணப்பிக்கலாம்.