"விட்டுட்டு வந்துடு" என்று சொன்னேன், தங்கை பேச்சையே குறைத்துவிட்டாள்

கேள்வி: என் தங்கைக்குக் கல்யாணமாகி 11 வருடம். எட்டு வயதில் மகள், ஐந்து வயதில் மகன். அவள் கணவர் இதுவரை கை நீட்டியதில்லை, அதனால் எங்கள் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் அவளை மட்டம் தட்டுவார், கோபம் வந்தால் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், பிள்ளைகளிடமே "உங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். நான் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். போன மாதம் பொறுக்க முடியாமல் "விட்டுட்டு வந்துடு, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அதிலிருந்து என் போனை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, "அடிக்கவில்லையே" என்ற பேச்சுக்கு முதலில் உங்கள் வீட்டில் ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். 1984-ல் அமெரிக்காவின் டுலூத் நகரில், கொடுமைக்கு ஆளான பெண்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்கள் அனுபவித்ததை ஒரு சக்கரமாக வரைந்தார்கள். அதில் அடி உதை வெளி விளிம்பில்தான் இருக்கிறது. உள்ளே, இழிவாகப் பேசுவது, சொந்தபந்தங்களிடமிருந்து பிரிப்பது, பணத்தைப் பிடித்து வைப்பது, பிள்ளைகளை ஆயுதமாக்குவது என்று எட்டுப் பிரிவுகள். நீங்கள் எழுதியதில் மூன்று அப்படியே இருக்கின்றன. இங்கிலாந்தில் 2015-ல் வந்த சட்டப்படி, ஒரு அடிகூட விழாவிட்டாலும், துணையைத் தொடர்ந்து இப்படி அடக்கி வைப்பது குற்றம்.

அப்புறம் அந்த போன். நீங்கள் "விட்டுட்டு வந்துடு" என்றபோதும் ஸ்பீக்கரில்தானே இருந்திருக்கும்? அவர் கேட்டிருந்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கேட்கவே இல்லை என்றாலும், ஏற்கெனவே ஒருவர் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்லும் வாழ்க்கையில் நீங்கள் இரண்டாவது ஆளாகிவிட்டீர்கள். பாசத்தில்தான் சொன்னீர்கள், தெரிகிறது. நானும் என் பெரியம்மா மகளிடம் இதே தப்பைச் செய்து, ஒன்றரை வருடம் அவள் குரலைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அதனால் கொஞ்ச நாள் அவள் கணவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாரம் ஒரு தடவை, சாதாரணப் பேச்சு போதும். அவரிடமும் முகம் சுளிக்காமல் இரண்டு வார்த்தை பேசுங்கள், உங்களுக்குப் பிடிக்காதுதான், ஆனால் நீங்கள் சண்டைக்குப் போனால் அவர் முதலில் அடைக்கிற கதவு உங்களுடையது. தனியாகக் கிடைக்கும்போது "நீ ஏன் பொறுத்துக்கொள்கிறாய்" என்று கேட்காதீர்கள். "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அவர் அப்படிப் பேசினது எனக்கே வலிச்சுது, உன் மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டு விடுங்கள். வருடக்கணக்காகக் குத்திக் குத்தியே, தப்பெல்லாம் தன்னுடையது என்று அவள் நம்பத் தொடங்கியிருப்பாள்.

அவளாகக் கிளம்ப நினைக்கும் நாள் வந்தால், அப்போதுதான் மிகவும் கவனம் தேவை. பிரிந்து போகும் நேரமே ஆபத்து கூடும் நேரம், அதுவரை கை ஓங்காதவர்கூட அப்போது ஓங்கலாம். சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் இவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். போனில் எதையும் எழுதி அனுப்ப வேண்டாம், அதை அவர் பார்க்கக்கூடும். அவள் சொன்னால் உடனே கிளம்பி வர நீங்கள் இருவர் மட்டும் அறிந்த ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். இதில் பழகிய ஒரு குடும்பநல வக்கீலையும் இப்போதே பார்த்துப் பேசி வையுங்கள், குழந்தைகள் யாரிடம் இருப்பார்கள் என்பதுதான் அவளுடைய பெரிய பயமாக இருக்கும். "ரெண்டு பேரையும் உட்கார வைத்து கவுன்சிலிங் கொடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாய் திறந்து சொல்வதற்கெல்லாம் வீட்டுக்குப் போனதும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அவள் தனியாகப் போகட்டும்.

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்று உங்கள் அம்மா சொல்வார்கள். பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்கிற குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்த தடவை உங்கள் தங்கை மகளைக் கவனியுங்கள். அவளிடம் வீட்டில் என்ன நடக்கிறது என்று துருவாதீர்கள், அப்பாவைத் திட்டவும் வேண்டாம். "பெரியவங்க சண்டைக்கு நீ காரணமில்லை, நடுவில போய் நிக்காதே, பயமா இருந்தா பெரியம்மாவுக்கு போன் பண்ணு" என்று சொல்லி, உங்கள் நம்பரை அவளுக்கு மனப்பாடம் செய்துகொடுங்கள்.