முதுகெலும்புத் தொற்று பெருந்தமனியைத் தொட்டால்: கேள்வி பதில்

கே: டிஸ்கில் சீழ் பிடித்தால் ரத்தக்குழாய் ஏன் வீங்குகிறது?

ப: இதயத்திலிருந்து வரும் முக்கிய ரத்தக்குழாயான பெருந்தமனி, வயிற்றுக்குள் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டியே இறங்கி, நான்காவதன் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. நடுவே ஒரு நாரும் கொஞ்சம் கொழுப்பும்தான். சீழ் அதைத் தாண்டினால் தமனிச் சுவரை அரித்து ஓட்டை போடும். வெளியேறும் ரத்தம் பை போலத் தேங்கும். ஸ்டாஃபைலோகாக்கஸ், சால்மோனெல்லா, காசநோய்க் கிருமி எல்லாமே இதைச் செய்யும். தொற்று தமனியில் தொடங்கி எலும்புக்குப் போவதும் உண்டு.

கே: அப்பாவுக்கு எல்3-எல்4 (மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள) டிஸ்கில் தொற்று. மூன்று வாரம் மருந்து ஏறியும் ராத்திரி வலி குறையவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, போதாதா?

ப: போதாது. முதுகுக்கான எம்.ஆர்.ஐ.யில் வயிற்று அசைவு படத்தைக் கெடுக்காமலிருக்க முள்ளெலும்புக்கு முன்னால் உள்ள பகுதியை ஒரு பட்டை போட்டு மங்கலாக்கிவிடுவார்கள். பெருந்தமனி அதற்குள் மறைந்துபோகும். காய்ச்சலோ சி.ஆர்.பி.யோ (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) இறங்காவிட்டால் கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) பார்த்துவிட்டு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி.) எடுக்கச் சொல்லுங்கள். திடீரென வலி கூடி மயக்கம் வந்தால் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவு.

கே: தமனி வீக்கம் 3 செ.மீ.தான், 5.5 வரை பொறுக்கலாம் என்கிறார்கள்.

ப: அது சாதாரண வீக்கத்துக்கான கணக்கு. தொற்றுள்ள பை சின்னதாக இருக்கும்போதே வெடிக்கும்.

கே: நான் முதுநிலை மாணவர். பயாப்ஸி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) எப்போது?

ப: ஆன்டிபயாடிக்குக்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது): 2–3 செட், வேறுவேறு இடத்தில் குத்தி, பாட்டிலுக்கு 8–10 மி.லி. முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையருகே சீழ்க்கட்டி தெரிந்தால் உடனே ஊசி குத்திச் சீழ் எடுக்காதீர்கள், கான்ட்ராஸ்ட் (சாய மருந்து ஏற்றிய) சி.டி. பார்க்காமல் குத்தினால் அது ரத்தப் பையாகவே இருந்துவிடலாம். எடுத்த திசுவில் பாதியைச் சலைனில் கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமிக்கான மரபணுப் பரிசோதனை) அனுப்புங்கள். முழுவதையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் கிருமி வளராது. இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

கே: ஸ்டென்ட் கிராஃப்ட் (தமனிக்குள் செலுத்தும் துணி போர்த்திய வலைக்குழாய்) வைத்தால் முடிந்ததா?

ப: ரத்தக்கசிவு நிற்கும், சீழ் அங்கேயே இருக்கும். உடம்பு தாங்குமென்றால் திறந்த அறுவையே என் முதல் தேர்வு: கெட்ட சுவரையும் செத்த எலும்பையும் அகற்றி, ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஊறிய டேக்ரான் (செயற்கைத் துணி) குழாயோ தொடைச் சிரையோ வைத்துத் தைத்து, ஒமென்டத்தால் (வயிற்றுக்குள் உள்ள கொழுப்புத் திரை) போர்த்துவது. முதுகு ஆட்டம் கண்டிருந்தால் பின்பக்கமாக ஸ்க்ரூ. ஊசி மருந்து பொதுவாக 6 வாரம், பிறகு மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்களில் சிலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரைதான்.

கே: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரிஃபாம்பிசின் மாத்திரை தரலாமா?

ப: ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) சரசரவென இறங்கும். அதற்காக வார்ஃபரினைக் கூட்டினால், ரிஃபாம்பிசின் நிறுத்திய அடுத்த சில வாரங்களில் ஐ.என்.ஆர். எகிறும், அப்போதுதான் ரத்தம் கசியும். நிறுத்தும் தேதியைச் சீட்டில் எழுதி, அதன்பின் வாரந்தோறும் பார்க்கச் சொல்லுங்கள்.