திருகோணமலை போன்ற மாவட்டத்துக்குத் தொழில்களை எப்படிக் கொண்டுவருவது? வந்தவற்றை எப்படிப் போகவிடாமல் வைத்திருப்பது?

கேள்வி கேட்டவர் கூடவே இதையும் எழுதியிருக்கிறார்: "அமெரிக்காவில் கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) இதற்கென்றே அலுவலகமும் ஆளும் வைத்திருக்கிறார்கள். அந்த முறை நம் ஊருக்குச் சரிவருமா? நான் வெளிநாட்டில் இருக்கிறேன், ஊரில் ஏதாவது தொடங்கும் எண்ணமும் உண்டு."

பாதி சரிவரும். வெளியிலிருந்து கம்பனி பிடிக்கிற பாதி அல்ல, உள்ளே தொழில் நடத்துபவனைப் போய்ப் பார்க்கிற பாதி.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சிறுதொழில் கடன் பார்க்கும் வங்கி வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கடன் கோப்பைப் புரட்டிப் பழகிய கண்ணோடுதான் எழுதுகிறேன். திட்டமிடல் படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

திருகோணமலை என்றாலே கொழும்பிலும் டில்லியிலும் அந்த 99 எண்ணெய்க் குதங்களை (பெரிய எண்ணெய்த் தாங்கிகளை) பற்றித்தான் பேச்சு. ஆனால் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. குடாவைச் சுற்றியுள்ள பட்டினமும் சூழலும் ஒரு உலகம். வெருகல், மொறவெவ, கோமரங்கடவல எல்லாம் வேறு உலகம். 1980லிருந்து ஓடுகிற பிரிமா மாவாலையும், 1982ல் தொடங்கிய டோக்கியோ சிமெந்துக் கம்பனியும் ஏன் இங்கே வந்தன? கோதுமையும், சிமெந்து அரைக்கிற கிளிங்கரும் கப்பலில் வருகின்றன, அந்தக் கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். சண்டைக் காலத்திலும் அவை ஓடியதற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. வேறு இடத்தில் அந்தக் குடா கிடைக்காது. இதை வைத்து "பார், பெரிய ஆலை வரும்" என்று வெருகலில் இருப்பவனுக்கு நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை.

சம்பூரைப் பாருங்கள். 2006ல் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு அந்தக் காணியில் கனரகத் தொழில் வலயம் என்றார்கள், பக்கத்திலேயே இந்தியக் கூட்டில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். தொழில் வலயத்துக்குக் கொடுத்த 818 ஏக்கரை 2015ல் திருப்பி விட்டார்கள், நிலக்கரித் திட்டம் 2016ல் கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாட் சூரிய மின்சாரம். 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், புகை இல்லை. ஆனால் சூரியத் தகடு பூட்டி முடிந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் தேவைப்படப் போகிறார்கள்? கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையும் ஒருகாலத்தில் மாவட்டத்தின் பெருமைதான். 1993ல் மூடியது. அதை நம்பிக் கரும்பு போட்டவர்களின் கதை கந்தளாய்க்காரரைக் கேட்டால் தெரியும்.

சலுகை கொடுத்து அழைத்து வருவதன் பலவீனத்துக்கு நாட்டளவில் நல்ல உதாரணம் 1992ல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது வந்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம். பின்தங்கிய ஊர்களுக்குப் போகிற முதலாளிக்கு ஏற்றுமதிக் கோட்டா (இவ்வளவு ஆடை அனுப்பலாம் என்ற ஒதுக்கீடு) கொடுத்தார்கள், அந்தக் கோட்டாவுக்காகப் போனார்கள். 2004 முடிவோடு உலகம் முழுக்க ஆடைக் கோட்டா முறையே எடுபட்டுப் போனது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் வந்தவன் அதற்குப் பிறகும் ஏன் அங்கே நிற்கப் போகிறான்?

அமெரிக்க விசயத்துக்கு வருவோம். அங்கே பல இடங்களில் சொத்து வரி கவுண்டியின் கையிலேயே இருக்கிறது. "பத்து வருடத்துக்கு வரியில் கழிவு தருகிறேன், வா" என்று கூப்பிடலாம். நம் மாவட்டச் செயலகத்திடம் அப்படி என்ன இருக்கிறது? வரிச்சலுகையைக் கொழும்பு தீர்மானிக்கிறது. பிரதேச சபையிடம் இருப்பது சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வரி), வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்ற சிறு வருமானங்கள்தான். அதை முழுதாக விட்டுக்கொடுத்தாலும் எந்தக் கம்பனியும் திரும்பிப் பார்க்காது.

நமக்குப் பொருந்துகிற பாதி லிட்டில்டன் என்ற ஊரில் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்தை ஒட்டிய ஊர். அங்கே மார்ட்டின் மரியெட்டா கம்பனி ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தியது. 1987ல் அந்த ஊர் நகரசபை கிறிஸ் கிப்பன்ஸ் என்பவரை வைத்து வேறு வழியில் இறங்கியது. வெளிக் கம்பனிகளின் பின்னால் ஓடுவதை விட்டுவிட்டு, ஊரில் ஏற்கெனவே இருந்த சிறு கம்பனிகளுக்கு வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார், போட்டிக்காரன் என்ன செய்கிறான் என்ற தகவலைத் தேடிக் கொடுத்தார்கள். லிட்டில்டன் கிராமம் இல்லை, ஆனால் பிறகு பல கிராமப்புறக் கவுண்டிகளும் அந்த வழியை எடுத்தன. இருக்கிற தொழில்களுக்கு ஒரு ஆள் நேரே போய் "என்ன தடை, அடுத்த வருடம் என்ன யோசனை" என்று கேட்டு எழுதி வருவதும் அங்கே வழக்கம்.

அப்படி ஒரு ஆள் நம் ஊரில் கதவு தட்டினால் முதலில் கேட்கப் போவது காணிக் கடுதாசிப் பிரச்சினை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தம்பலகாமத்தில் ஒரு அக்கா கிரைண்டிங் மில் வைத்திருந்தார். வீட்டோடு சாய்த்துப் போட்ட தகரக் கொட்டில், உள்ளே போனால் மிளகாய்த்தூளில் தும்மல்தான். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வறுத்த சிவப்பரிசி மா அவருடைய முக்கியச் சரக்கு. கொழும்பில் வெள்ளவத்தையில் இரண்டு கடை தொடர்ந்து எடுத்தது. இரண்டாவது மெஷின் வேண்டும், அதற்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், பக்கெட் ஒட்டுகிற மெஷினும் வேண்டும். கணக்குக் கொப்பியை எடுத்துக் காட்டினார், ஒரு வரி பிழை இல்லை. ஆனால் காணி அவருடைய அப்பாவுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணி. அப்பா இறந்து பல வருடம். பின்னுரித்தாளி (தனக்குப் பிறகு காணிக்கு உரியவர்) என்று யாரையும் பதிந்து வைக்கவில்லை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். ஈடு எடுக்கக்கூடிய நிறுவனங்களும் சட்டத்திலேயே குறிக்கப்பட்டவை. அரச வங்கி, கூட்டுறவு என்று ஒரு சில. மற்ற வங்கிகளுக்கு அது பிணையே இல்லை. பின்னுரித்தாளி பதியப்படாவிட்டால் முன்பு பிள்ளைகளுக்குள் ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம். அந்த ஓரவஞ்சனை 2022 திருத்தத்தில்தான் நீங்கியது. நான் சொல்லும் அக்காவின் கோப்பு அதற்கு முந்தியது. காணி சட்டப்படி போயிருக்க வேண்டியது கனடாவில் இருந்த அண்ணனுக்கு. அண்ணனுக்கு அந்தக் காணியில் அக்கறையும் இல்லை, கையெழுத்துப் போட நேரமும் இல்லை.

"நாலு பேர் வேலை செய்யிறாங்க தம்பி. மா போற இடத்துக்கெல்லாம் பில் இருக்கு. இதெல்லாம் உங்கட வங்கிக்குக் கண்ணுக்குத் தெரியாதா, அப்பாட கடுதாசி மட்டுந்தான் தெரியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குப் பிடித்து ஒரு சின்னக் கடன் எடுத்தார். மிச்சத்துக்குக் காப்பை அடகு வைத்தார். வெளியூர் முதலாளிக்குக் காணி தேடி ஜீப்பில் திரிகிற உத்தியோகத்தர்கள், இப்படிப்பட்ட கோப்புகள் இருக்கிற ஒரு அலுமாரியைத் திறந்து வருடத்துக்கு நூறு பேருடைய பின்னுரிமையைத் தீர்த்து வைத்தாலே எவ்வளவோ தொழில் வளரும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

மாவட்டத்தின் வடக்கில், திரியாய், குச்சவெளிப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. வன இலாகா ஒரு பக்கம், தொல்பொருள் இன்னொரு பக்கம் எல்லை போடுகிறது; குடாவைச் சுற்றித் துறைமுக அதிகாரசபையின் காணி. யாருடைய நிலம் என்று தெரியாத இடத்தில் உள்ளூர்க்காரனே கொட்டில் போடத் தயங்குவான்.

அடுத்தது நெல். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களில் பெரும்போக வெட்டு மாசி பங்குனியில். அந்த நேரம் வரம்போரத்தில் பொலன்னறுவை மில்காரர்களின் லொறி நிற்கும். வெட்டு மெஷினிலிருந்து கொட்டுகிற ஈர நெல்லை அப்படியே மூடையில் கட்டி ஏற்றிவிடுவார்கள். ஈரம் என்று சொல்லி விலையில் வெட்டு. காயப்போடத் தளமும் வைத்திருக்கக் களஞ்சியமும் இருந்தால் விவசாயி ஒரு மாதம் பொறுப்பான். இல்லாததால் அன்றைக்கே விற்கிறான், கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்பது வேறு. பிறகு அதே நெல் அரிசியாகித் திரும்பி வந்து நம் கடையில் விலைப்படுகிறது. புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைற் என்ற கனிம மண்ணும் கிட்டத்தட்ட இதே கதைதான்: 1957ல் கூட்டுத்தாபனம் வந்தது, இன்று அது அரச கம்பனி, மண்ணைப் பிரித்து ஏற்றி அனுப்புவதோடு நிற்கிறது. புல்மோட்டையைத் திருத்த மாவட்டத்தால் முடியாது. நெல் காயவைக்கும் தளம் போட முடியும்.

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான் பருவம். வாடை விழுந்தால் கடலும் குழம்பும், அறையும் காலி. ஆனால் கடன் தவணை பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. மார்கழித் தவணையைக் கட்ட விடுதிக்காரர் பொடியன்களை நிறுத்துவார். சமைக்கத் தெரிந்த பொடியன் கட்டாருக்குப் போய்விடுவான். அடுத்த சித்திரையில் புதுப் பொடியனுக்குத் திரும்ப முதலிலிருந்து பழக்க வேண்டும். தவணையைப் பருவத்தில் கூட்டி, வாடைக் காலத்தில் வட்டி மட்டும் என்று வைத்தால் வங்கிக்கு நட்டமில்லை. இதற்குச் சட்டம் திருத்தத் தேவையில்லை, அமைச்சர் வரத் தேவையில்லை. மேலிடத்தில் ஒருவர் மனம் வைத்தால் போதும்.

வீதி பற்றிச் சுருக்கமாக: 2009ல் கிண்ணியாப் பாலம் திறந்ததும், பின்னால் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் பாலங்கள் வந்ததும் மூதூர்க்காரனின் வியாபாரத்தையே மாற்றியது. தயிர்ச்சட்டி உடையாமல் சந்தைக்கு வந்தது. மறுபக்கம், 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நிலையில் மிதப்புப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அதைத் தொழில் வளர்ச்சிக் கணக்கில் எழுத மனம் வரவில்லை.

உங்கள் சொந்த எண்ணத்துக்கு. நீங்கள் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டிருந்தால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பெயரில் காணி வாங்க முடியாது; குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. எப்படியிருந்தாலும் காணிப் பதிவகத்தில் பின்னோக்கி முப்பது வருடப் பதிவைப் பார்க்கச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். நில அளவை வரைபடத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் வனம், தொல்பொருள், துறைமுகம் மூன்றில் எதற்குள்ளாவது விழுகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், சொன்னவர் சொந்தக்காரராக இருந்தாலும். புதிதாகத் தொடங்குவதை விட, ஏற்கெனவே ஓடுகிற ஒரு மில்லிலோ ஐஸ் பிளான்டிலோ பங்குக்குச் சேர்வது பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம். கணக்குக் கொப்பியைப் பார்க்காமல் மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.