சொல்ல முடியாத ஒரு வரி

அன்பின் போதகர் ஐயாவுக்கு,

நான் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் எங்களுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தான். அதுவரை ஒழுங்காக ஜெபித்து வந்தேன். இப்போது முடியவில்லை. நேரமில்லாமல் அல்ல. இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தில் ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்ற இடம் வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. அதைச் சொன்னால், என் பிள்ளையை எடுத்துக்கொள்ள நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல் இருக்கிறது. எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. 2004 சுனாமியில் என் பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தேவ சித்தம் என்றுதான் சொன்னார்கள். இப்போது நான் இரவில் எழும்பி, மகன் மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருக்கிறோம். அந்த வரியைச் சொல்ல முடியாத நான் சபைக்கு முன் நின்று வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகாதா? தள்ளிப்போடவா? என் விசுவாசம் குறைந்துவிட்டதா? நீங்களும் அண்மையில் தகப்பனானவர் என்பதால் கேட்கிறேன். பெயரைப் போடவேண்டாம்.

*

அன்பின் தம்பிக்கு,

தள்ளிப்போட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

எங்கள் மகளுக்கு இப்போது ஏழு மாதம். பிறந்து மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளாகிவிட்டது. புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வருகிற மஞ்சள்தான், பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் இரத்தத்தில் பிலிருபின் அளவு கூடியிருந்ததால் நீல வெளிச்சத்தின் கீழே வைத்தார்கள். அந்த வெளிச்சம் தோலில் பட்டால் பிலிருபின் கரையக்கூடியதாக மாறி, மலத்தோடும் சிறுநீரோடும் வெளியேறிவிடுமாம். இதெல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால் பயம் ஒரு துளியும் குறையவில்லை. கண்ணுக்குத் துணி கட்டி, உடுப்பில்லாமல், அந்தப் பெட்டிக்குள் அவள் தனியாகக் கிடந்த கிடை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

இரவில் தகப்பன்மாரை உள்ளே விடமாட்டார்கள். அது சரிதான், மற்றத் தாய்மாரும் இருக்கிற இடம். நான் வெளிக்கேற்றடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஜெபிக்கத் தொடங்கினேன். சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. சரி, பரமண்டல ஜெபத்தையே சொல்வோம் என்று தொடங்கினேன். நீங்கள் எழுதியிருக்கிற அதே இடத்தில், தம்பி, நானும் நின்றுவிட்டேன்.

எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை இரவிரவாகத் திறந்திருந்தது. போய் ஒரு பிளேன்ரீ வாங்கினேன். முகத்தைப் பார்த்துவிட்டு “பாதர், புள்ளைக்கா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். அவர்களுக்குள் பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, சொல்ல வேண்டும். “எண்ட மூத்தவனக் கையில தந்தாங்க. பாங்கு சொல்லப் போனா பாதிக்கு மேல குரல் வெளிய வரல்ல பாதர். எண்ட வாப்பாதான் கிட்ட நிண்டு முடிச்சி வெச்சாங்க.” காசு வாங்க மறுத்துவிட்டார். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் ஒரு போதகரும் ஒரு முஸ்லிம் மனிதரும் நடு இரவில் இப்படி இருந்து கதைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்கும் தெரியும்.

இரண்டு இரவு கழித்துப் பிள்ளையைத் தந்தார்கள். நம் வழக்கப்படி மனைவி மட்டக்களப்பில் தாய் வீட்டில் இருந்தாள். என் சபை கல்முனைப் பக்கம். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தினமும் போய்வந்தேன். பிள்ளை தேறிவிட்டாள், நன்றி சொல்லிப் பாட்டும் பாடினோம். ஆனால் அந்த வரி திரும்பி வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் ஜெபத்தைத் தொடக்கி வைப்பது நான். அந்த இடம் வந்ததும் நான் மௌனமாகிவிடுவேன், சபை சொல்லிக்கொண்டு போகும், ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ என்ற இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வேன். ஐந்தாறு கிழமை இப்படிப் போனது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கவனித்த ஒருவர் இருந்தார். அவரைப்பற்றிச் சொல்ல, மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

இந்தச் சேகரத்துக்கு வந்த முதல் வருடம், டிசம்பர் 26 நினைவு ஆராதனையில் நான் பிரசங்கித்தேன். கல்முனை ஆஸ்பத்திரியில் சுனாமி நாளில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகமெல்லாம் 81ஆம் இலக்கக் குழந்தை என்றே பேசினார்கள். நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பெப்ரவரியில் பிள்ளை பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது. அதை எடுத்து, தகப்பனின் கண்ணீருக்குத் தேவன் பதில் கொடுப்பார் என்று பேசினேன். நல்ல பிரசங்கம் என்று பலர் கைகொடுத்தார்கள்.

எல்லாரும் போன பிறகு ஓர் அம்மா வந்தார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்களே, அதில் அவருடைய நான்கு வயதுப் பிள்ளையும் ஒன்று. உடல் கிடைக்கவில்லை. “ஐயா, அந்தப் புள்ள கிடைச்சது எனக்கும் சந்தோசம்தான். அப்ப நான் ஜெபிச்சது காணாமப் போயிட்டா?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை. தேவ சித்தம் நமக்கு விளங்காது அம்மா என்று சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அது சாட்டல்ல, ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்க்காதவனாக அதைச் சொன்னேன் என்பதற்காக எழுதுகிறேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிற பதில் அது.

அதே அம்மாதான், நான் மௌனமாக நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, பின்னேரம் வீட்டுக்கு வரச்சொன்னார். தேத்தண்ணி தந்தார். பிள்ளைக்கு என்று பழைய வெள்ளைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார், ஏணை கட்ட நல்ல மெதுமையாக இருக்கும் என்று. அப்புறம் நேராகவே கேட்டார், “ஏன் ஐயா அந்த இடத்தில நிக்கிறீங்க?” சொன்னேன். நீங்கள் எப்படி அம்மா சொல்கிறீர்கள் என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். “என்ட புள்ளயக் கடல் எடுத்திச்சி. கடவுள் எடுத்தாரெண்டு நான் ஒருநாளும் சொன்னதில்ல ஐயா, நீங்க எல்லாரும்தான் சொன்னீங்க. அந்த வரியச் சொல்லக்குள்ள நான் அவரிட்டக் கேக்கிறது, இஞ்ச நடக்கிறது உமக்குச் சரியாப் படுதா, வந்து சரிப்படுத்தும் எண்டுதான்.”

வீட்டுக்கு வந்து வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்தவன், அந்த ஜெபத்தைப்பற்றிப் பரீட்சையும் எழுதியவன். அந்த வரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பரமண்டலத்தில் நடக்கிறதுபோலப் பூமியிலும் நடக்கட்டும் என்று கேட்கிறோம். பூமியில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே அவர் சித்தம் என்றால் இப்படிக் கேட்கவே தேவையில்லை. அங்கே நடக்கிறது, இங்கே இன்னும் நடக்கவில்லை என்பதால்தான் கேட்கச் சொல்லித் தந்தார். நாமோ அதை நடந்து முடிந்ததற்குப் போடுகிற கையெழுத்தாக மாற்றிவிட்டோம். என் அம்மம்மா தலையெழுத்து என்று சொன்ன இடத்திலெல்லாம் நாங்கள் தேவ சித்தம் என்று சொல்லப் பழகியிருக்கிறோம். சொல் மாறியது, அர்த்தம் மாறவில்லை. உங்கள் பெரியம்மாவின் துக்க வீட்டில் பேசியவர்கள் கெட்டவர்களில்லை. வெறும் கையோடு நிற்க முடியாமல் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அப்போது பிள்ளையாக இருந்த நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

2019 ஏப்ரல் 21 காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இறந்தார்கள். அதைச் சித்தம் என்று சொல்ல என் நாக்குத் திரும்பாது. சொல்லச் சொல்கிற எவரோடும் நான் வாதாடுவேன்.

மத்தேயு எழுதியதை இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன். ஏரோது ராஜா குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் தெரிந்ததும், யோசேப்பு இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறான். சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. பயந்தான், எழும்பினான், தூக்கிக்கொண்டு போனான். சித்தம் எப்படியோ அப்படி ஆகட்டும் என்று படுத்திருக்கவில்லை. அந்த ஒரு பிள்ளை தப்பியது. பெத்லகேமில் மற்றப் பிள்ளைகள் தப்பவில்லை. மத்தேயு அவர்களுடைய தாய்மாருக்கு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. ஆறுதலை ஏற்றுக்கொள்ளாத ராகேல் என்ற தாயைத் தன் பிள்ளைகளுக்காக அழவிட்டுவிடுகிறார். என் பிரசங்கத்தில் நான் விட்டது அந்த அழுகையைத்தான்.

2004இல் எனக்கு 10 வயது. நாங்கள் கல்லடியில் இருந்தோம். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினார். அவர் பிடித்த இடம் இரண்டு மூன்று நாள் சிவந்திருந்தது. ஓடும்போது ஜெபித்தாரா என்று நான் கேட்டதில்லை, இப்போது அவர் இல்லை. ஆனால் மகளைக் குளிக்க வார்க்கும்போது, வழுக்கிவிடுவாளோ என்று என் கை இறுகுகிற நேரங்களில் அந்தப் பிடி நினைவு வருகிறது.

ஆகவே, மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன் என்று வெட்கப்பட்டு எழுதாதீர்கள். நானும் பார்க்கிறேன், நேற்றிரவும் பார்த்தேன். மாமி அரைத் தூக்கத்தில் “மூச்சு விடுறாள் தம்பி, நீங்க படுங்க” என்பார். அதை விசுவாசக் குறைவு என்று நான் எண்ணவில்லை. பிடிபட்ட இரவில், கெத்செமனேத் தோட்டத்தில் இயேசுவே, இந்தத் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தரம் கேட்டார். அதைக் கேட்காமல் ‘உம்முடைய சித்தம்’ என்பதைச் சொல்லவில்லை. நீங்களும் முதலில் அதைக் கேளுங்கள்: என் பிள்ளை வாழவேண்டும் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் அதோடேயே நில்லுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். பயம் உங்களைக் கிழமைக்கணக்காக நித்திரை கொள்ளவிடாமல், பள்ளிக்கூடத்திலும் வேலை செய்யவிடாமல் வைத்திருந்தால், பிள்ளையை நிறுக்கக் கிளினிக்குக்குப் போகும் நாளில் டொக்டரிடம் உங்களைப்பற்றியும் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகு தகப்பன்மாருக்கும் மனம் சோர்ந்துபோவதுண்டு, அதற்கு மருத்துவம் உண்டு. மனைவியிடம் சொன்னீர்களா? நான் சொல்ல ஒரு மாதம் எடுத்தது. சொன்னபோது, தனக்கும் அப்படித்தான் என்றாள்.

ஞானஸ்நானத்துக்கு வருவோம். அன்று நீங்கள் கொடுக்கும் வாக்கு, எனக்குப் பயமில்லை என்பதல்ல. இந்தப் பிள்ளையை ஆண்டவருடைய அன்பில் வளர்ப்பேன் என்பதுதான். அதை நீங்கள் முழு மனதோடு சொல்ல முடியும், உங்கள் கடிதமே அப்படித்தான் இருக்கிறது. எங்கள் மெதடிஸ்த சபையின் முறையில் பெற்றோர் வாக்குக் கொடுத்த பிறகு சபையும் ஒரு வாக்குக் கொடுக்கும். உங்கள் சபையிலும் அப்படி இருந்தால், அதைக் கவனித்துக் கேளுங்கள். பரமண்டல ஜெபம் வரும்போது அந்த வரி வாயில் வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் மௌனமாக நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். உங்கள் பெரியம்மா வருவாரென்றால் அவரைக் கிட்ட நிற்கச் சொல்லுங்கள். முதல் நாளே உங்கள் போதகரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவரும் ஒரு வீட்டில் தகப்பனாக இருக்கக்கூடும்.

என் மகளுக்குப் போன மாதம் ஞானஸ்நானம் கொடுத்தோம். நான் தகப்பனாக நிற்கவேண்டும் என்று மூத்த போதகர் ஒருவரை அழைத்திருந்தேன். அந்த அம்மா முன் வரிசைக்கு வந்து நின்றார். அந்த வரியை நான் மெதுவாகச் சொன்னேன், அவர் சொல்வதைக் கேட்டு அவருக்குப் பின்னால்.

பிள்ளையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இங்கே போடமாட்டேன், எனக்கு மட்டும் எழுதி அனுப்புங்கள். நாளும் குறித்து அனுப்புங்கள். அந்த ஞாயிறு எங்கள் சபையிலும் அவன் பெயரைச் சொல்லி ஜெபிப்போம்.